ஜன்னலோர சீட்டில் ஒரு பை

காலை ஏழு நாற்பதுக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து மெட்ராஸ் வண்டி புறப்பட்டபோதே எல்லாம் கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டது. அந்த நேரத்தில் நான் பொன்னேரியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்று முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். வண்டி வருகிற சத்தம் கேட்பதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிடலாம் என்ற நிதானத்தில் இருந்தேன். அந்த நிதானத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பக்கத்து வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுபதுகளில் பொன்னேரியில் ஏறினாலும் உட்கார இடம் இருக்கும். எழுபதுகளின் நடுவில் அது போய்விட்டது. மெட்ராஸுக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போக வேண்டும். அதற்குச் சிலர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மெட்ராஸிலிருந்து விடிகாலையில் கிளம்பி வருகிற வண்டிதான் கும்மிடிப்பூண்டியில் காலியாகித் திரும்பிப் போகும். தெற்கே போக வேண்டியவர்கள் அதில் ஏறி முதலில் வடக்கே போவார்கள். கும்மிடிப்பூண்டியில் எஞ்சினைக் கழற்றி, தண்ணீர் பிடித்து, மறுகோடிக்குக் கொண்டுபோய் மாட்டுவதற்கு அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் நல்ல இடமாகப் பார்த்துப் பையையோ கைக்குட்டையையோ போட்டுவிட்டால் போதும். சீசன் டிக்கெட்டையே கும்மிடிப்பூண்டியிலிருந்து எடுத்துவைத்திருப்பார்கள். இதற்குப் 'பின்னால் போய் வருவது' என்று பெயர்.

பை போட்ட இடத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. அதை யாரும் நகர்த்த மாட்டார்கள். யாராவது புதிதாக வந்து கை வைத்தால் பக்கத்தில் இருப்பவர் "ஆள் வருது" என்பார். அவருக்கு அந்த ஆளைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நாளைக்குத் தன் பைக்கு இன்னொருவர் அப்படிச் சொல்ல வேண்டுமே.

நான் மீஞ்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எனக்கு இரண்டே ஸ்டேஷன், நின்றுகொண்டே போய்விடுவேன். நிற்கிறவனுக்குத்தான் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் நன்றாகத் தெரியும். பொன்னேரியில் ஏறி ஏதோ அதிர்ஷ்டத்தில் இடம் கிடைத்தவர், வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி வந்து நின்றால் உடனே எழுந்துவிடுவார். பின்னால் போய் வந்தவர் எழமாட்டார். தூங்குவார், அல்லது பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார். அவர் கெட்டவர் இல்லை. விடிகாலைத் தூக்கத்தைக் கொடுத்து வாங்கிய இடம் அது. இனாமாக வந்ததைக் கொடுக்கிற மாதிரி அதைக் கொடுக்க மனசு வராது. இதையெல்லாம் கவனித்து வைத்திருப்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

என் மகள் காலேஜில் சேர்ந்தபோது, பின்னால் போய் வரட்டும் என்று நான்தான் சொன்னேன். அவளுக்கு அப்போது பதினாறு முடிந்திருந்தது. லேடீஸ் பெட்டியில் தினமும் வருகிற நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி மெட்ராஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள். "உங்க பொண்ணை நான் பாத்துக்கறேன் சார்" என்று அவரே சொன்னார். எனக்கு வேறென்ன வேண்டும்?

அவள் சின்னவளாக இருந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சீட்டு போதும். சமுத்திரம் பார்க்கவும் எக்ஸிபிஷன் பார்க்கவும் மெட்ராஸுக்குக் கூட்டிப்போவேன். என் மடியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் படுவதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே வருவாள். "அப்பா, மாடு. அப்பா, தண்ணி. அப்பா, அந்த ஆளு தலையில முண்டாசு." எனக்கும் அதெல்லாம் தெரிகிறது என்பது அவளுக்கு ஒரு பொருட்டில்லை. இறங்கும்போது என் கால் மரத்துப்போயிருக்கும். அந்த மரத்துப்போன காலுக்காக நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

வளர்ந்த பிறகு பேச்சு குறைந்தது. கோபம் எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். கேட்காததைச் சொல்ல மாட்டாள். மற்ற வீடுகளிலும் இப்படித்தான் என்று என் மனைவி சொன்னாள். காலையில் மீஞ்சூரில் நான் இறங்கி வாசலை நோக்கி நடக்கும்போது லேடீஸ் பெட்டியைக் கடந்து போக வேண்டும். ஜன்னலோரத்தில் அவள் இருப்பாள். தலையை ஒரு தடவை ஆட்டுவாள், நானும் ஆட்டுவேன். நாள் முழுவதும் எங்களுக்குள் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான். எனக்கு அந்த வண்டியில் போக வேண்டிய அவசியமே கிடையாது. அதற்கு அடுத்த பஸ்ஸில் போனாலும் மணியடிப்பதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிடலாம். "சீக்கிரம் போனால் கரும்பலகையில் கணக்குகளை எழுதிப்போட வசதி" என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன்.

அன்றைக்கு வண்டி பொன்னேரிக்கு வந்தபோது வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தேன். அவளுடைய காக்கி நிறத் துணிப்பை சீட்டின் மேல் இருந்தது. அவளைக் காணவில்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சில நாள் கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து பின்னால் உள்ள பெட்டியில் தொற்றிக்கொண்டு, வழியில் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் மாறி வருவாள் என்று எக்ஸ்சேஞ்ச் அம்மாள் சொல்லியிருக்கிறார். மீஞ்சூரில் இறங்கிப் பார்த்தேன். பை இருந்தது, பக்கத்தில் எக்ஸ்சேஞ்ச் அம்மாள் கண்ணை மூடியிருந்தார். அந்தப் பக்கம் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பாள் என்று நினைத்து, தலையாட்டாமலே நடந்தேன். ஒரு சின்ன ஏமாற்றம், அவ்வளவுதான். பை இருக்கிற இடத்தில் ஆள் இருக்கிறது என்று நம்பிப் பழகிவிட்டோம். அந்த வண்டியில் வந்த அத்தனை பேரும் அப்படித்தான் நம்பினார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் கேட்டபோதுகூட எக்ஸ்சேஞ்ச் அம்மாள் "ஆள் வருது" என்று சொல்லி, மெட்ராஸ் வரைக்கும் அந்த இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது பீரியடு நடந்துகொண்டிருந்தது. வட்டிக் கணக்கு. போஸ்ட் ஆபீஸ் பியூன் வகுப்பு வாசலில் வந்து நின்றான். மூச்சு வாங்கியது.

"சார், மெட்ராஸ்லேந்து டிரங்க் கால் வந்துச்சு. எக்ஸ்சேஞ்ச்ல ஒரு அம்மா பேசுனாங்களாம். பை வந்து சேந்துடுச்சாம் சார். பொண்ணுதான் வரலையாம்."

பையன்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சாக்பீஸைக் கீழே வைத்தேனா, கையிலேயே வைத்திருந்தேனா என்று நினைவில்லை. சாயங்காலம் பார்த்தபோது சட்டைப் பையெல்லாம் வெள்ளையாக இருந்தது.

மீஞ்சூர் ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர். நான் வாயைத் திறப்பதற்குள் புரிந்துகொண்டு, கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போனில் கேட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் "லைன்ல ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டபோது, அது தண்டவாளத்தைப் பற்றிய கேள்வி என்று எனக்கு விளங்கியது. ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "லைன்ல ஒண்ணும் இல்ல சார். பயப்படாதீங்க. போய்ப் பாருங்க" என்றார்.

பஸ் பிடித்துப் பொன்னேரி போனேன். வீட்டுக்குள் போகும்போதே என் மனைவி முகத்தைப் பார்த்துவிட்டாள். சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, "அவ சீட்டுக்காகத்தான் போறாள்னு நீங்க இன்னும் நெனைச்சிக்கினு இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"வேற எதுக்கு?"

"சனிக்கிழமை வண்டி காலியாத்தானே வருது? பொன்னேரியிலயே படுத்துக்கினு போகலாம். சனிக்கிழமையும்தான் விடியறதுக்குள்ள எழுந்து ஓடறா. கணக்கு வாத்தியாருக்கு இது தெரியலியா?"

தெரியவில்லை. வண்டியில் வருகிற மற்றவர்களையெல்லாம் பார்த்துக் கணக்குப் போட்டவன், சொந்த மகள் அதே விலை கொடுத்து வேறு எதையோ வாங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கவில்லை. "நீ ஏன் கேக்கல?" என்றேன். "கேட்டா நின்னுடும்" என்றாள். "வந்ததும் மூஞ்சி எவ்ளோ தெளிவா இருக்குது. அதைப் போய்க் கேட்டுக் கெடுக்கணுமா? போங்க, போய்க் கூட்டிக்கினு வாங்க." அப்போதுதான் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

பஸ்ஸில் கும்மிடிப்பூண்டி போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்தான். எவனோ ஒருத்தன். வேறெதற்கு ஒரு பெண் தினமும் அரை மணி நேரம் வாங்குவாள்? அவன் முகம்கூட எனக்குத் தெரிய ஆரம்பித்தது. கவரப்பேட்டை தாண்டும்போது, எவனாக இருந்தாலும் பரவாயில்லை, உயிரோடு இருந்தால் போதும் என்று தோன்றிவிட்டது. பெரியபாளையத்து அம்மனிடம் என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று இங்கே எழுதமாட்டேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடைக்காரரிடம் கேட்டேன். இரட்டைச் சடை, நீலத் தாவணி. "தெனம் வருமே அந்தப் பொண்ணா? வண்டிய வுட்டு எறங்குனதும் அங்கதான் ஓடும்" என்று எதிரில் கையைக் காட்டினார்.

எதிரில் ஒரு வாடகை சைக்கிள் கடை. வாசலில் லுங்கியும் பனியனுமாக ஒருவர், நம்பர் எழுதிய சைக்கிள்களுக்கு நடுவில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும்.

"இங்க ஒரு பொண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"நீ யாரு சார் அதுக்கு?"

"அப்பா."

"வா சார், வா. உன்னைத்தான் தேடிக்கினு கீறேன். காலையில அரை மணிக்குன்னு எட்துக்கினு போச்சு. மத்தியானம் ஆயிடுச்சு. சைக்கிளும் வரல, பொண்ணும் வரல. பேஜாராயி குந்திக்கினு கீறேன். ரெண்டும் புது டயரு சார்!"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "உன் டயரைக் கொண்டுபோய்க் குப்பையில போடுய்யா! என் பொண்ணைக் காணோம்ங்கறேன்!"

"ஏன் சார் கத்துற? நீ உன் பொண்ணுக்குக் கத்துற, நான் என் சைக்கிளுக்குக் கத்துறேன். வந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "குந்து சார். மொதல்ல தண்ணி குடி" என்றார்.

அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஊருக்கு அந்தப் பக்கத்தில் தொழிற்பேட்டைக்காக நிலமெல்லாம் எடுத்து ரோடு போட்டிருந்தார்கள். பெரிய பெரிய ரோடு. கம்பெனிகள் அப்போதுதான் ஒன்றிரண்டு வர ஆரம்பித்திருந்தன. காலை வேளையில் அங்கே ஒரு ஆள் இருக்காது. அந்த ரோட்டில் என் மகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். சீட்டில் பையைப் போட்டுவிட்டு இறங்கி, எஞ்சினைத் திருப்பி மாட்டுவதற்குள் ஒரு சுற்று போய்விட்டு வந்துவிடுவாள். அன்றைக்கு ஏதோ காரணத்தால் வேறு எஞ்சின் தயாராக நின்றிருக்கிறது. வண்டி சீக்கிரம் கிளம்ப ரெடியாகி, நேரத்துக்கு ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் போய்விட்டது. மற்ற நாளில் அது ஒருபோதும் நேரத்துக்குக் கிளம்பியதில்லை. அவளும் எல்லோரையும் போல அதை நம்பியிருந்தாள்.

வாடகைக்கு வேண்டிய காசை எங்கிருந்து எடுத்தாள் என்றும் அவரிடமே கேட்டேன். "மெட்ராஸ்ல ஸ்டேஷன்லேந்து காலேஜுக்கு பஸ்ஸுல போவாம நடந்தே போவுமாம். அதை மிச்சம் புடிச்சி இங்க குடுக்குது" என்றார். அங்கே நடந்து, இங்கே ஓட்டியிருக்கிறாள்.

இன்னொரு சைக்கிளை எடுத்தார். "ஏறு சார் பின்னால. காலைத் தூக்கிக்க. வேட்டி செயின்ல மாட்டிக்கும்."

கேரியரில் உட்கார்ந்து அந்த ரோடுகளில் போனேன். செம்மண் தோண்டிப் போட்ட மேடுகள், சுவர் மட்டும் எழுப்பிய ஷெட்டுகள், கால்வாய்க்கு வெட்டிய பள்ளங்கள். எல்லா ரோடும் ஒரே மாதிரி இருந்தது. எதற்கும் பெயர் கிடையாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இறங்கி எட்டிப்பார்த்தேன். வாட்ச்மேன் ஒருவர் பொண்ணையெல்லாம் பார்க்கவில்லை என்றார். கடைக்காரர் பெடலை மிதித்துக்கொண்டே பேசிக்கொண்டு வந்தார். நான் பயப்படக் கூடாது என்பதற்காகத்தான் பேசினார் என்று இப்போது தெரிகிறது.

"மொதல்ல கொரங்கு பெடல்தான் சார். அப்பால பாருக்கு மேல ஏறுச்சு. எவ்ளோ தடவை வுழுந்துச்சு தெரியுமா? வுழுந்தா அழுவாது. சுத்தும் முத்தும் பாக்கும். யாரும் பாக்கலன்னா தானா சிரிச்சிக்கும்."

"வீட்டுக்குத் தெரியுமான்னு நீங்க கேக்கலையா?"

"கேக்காம? 'எங்கப்பாவுக்குத் தெரியும்'னு சொல்லுச்சே!"

அடுத்த பள்ளத்துக்கும் இறங்கி எட்டிப்பார்த்தேன்.

பிறகு ஒரு நாள் எக்ஸ்சேஞ்ச் அம்மாள் சொன்ன ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். "உங்க பொண்ணு மீஞ்சூர் வரைக்கும்தான் சார் ஜன்னல்ல உக்காருவா. அது தாண்டினதும் எழுந்து யாருக்காவது குடுத்துட்டு, கதவாண்ட போய் நின்னுக்குவா. அவ்ளோ கஷ்டப்பட்டுப் புடிச்ச எடத்தை இப்பிடிக் குடுக்கறியே, பைத்தியமான்னு கேப்பேன்." மீஞ்சூர் வரைக்கும் அவள் உட்கார்ந்திருந்தது, நான் சந்தேகப்படக் கூடாது என்பதற்காகவா? அல்லது நான் நடந்து போகும்போது தலையாட்டுவதற்காகவா? இதை மட்டும் நான் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் முதல் காரணத்தைச் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

வெயில் இறங்கும் வரை தேடினோம். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் போக ரோடு இல்லை என்று திரும்பிவிட்டோம். கடைக்கு வந்து அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக உட்கார்ந்தோம். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். அது ஆறிப்போய் ஆடை கட்டியது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றியது. இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் போலிருந்தது. ரோட்டில் நீலமாக எது வந்தாலும் எழுந்து நின்றேன். லாரியின் தார்ப்பாய்க்கும் எழுந்து நின்றேன்.

வேலை விட்டு ஆட்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். தலையில் சும்மாடும் கையில் தூக்குச்சட்டியுமாகச் சித்தாள் பெண்கள். கடைக்காரர்தான் முதலில் பார்த்தார். "சார், என் சைக்கிளு" என்றார். முன்சக்கரம் வளைந்துபோன சைக்கிளை ஒரு நடுவயதுப் பெண் தள்ளிக்கொண்டு வந்தாள். அதன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றாமல், என் மகள் வந்தாள். கணுக்காலில் ஏதோ பச்சிலையை அரைத்துப் பத்துப் போட்டுத் துணியால் கட்டியிருந்தது. நீலத் தாவணி முழுக்கச் செம்மண்.

எனக்கு எழுந்திருக்கவே முடியவில்லை.

அந்தப் பெண் என் எதிரில் வந்து நின்றாள். ஆந்திரா பக்கத்துப் பேச்சு. "உம் பொண்ணா நைனா? வண்டி கூவுனதும் வேகமா வந்துருக்குது. பள்ளத்துல வுழுந்துடுச்சு. ஏரிக்கரைல எங்க கொட்டாயில படுக்க வச்சேன். அப்பவே கூட்டினு வந்துருப்பேன். நடுவுல வுட்டுட்டு வந்தா மேஸ்திரி கூலிய புடிச்சிக்குவான். திட்டாத நைனா. நாள் பூரா அழுதுச்சு."

"கால் வலியா?" என்று மகளைக் கேட்டேன்.

"காலுக்கு அழுவல நைனா" என்றாள் அந்தப் பெண்.

கடைக்காரர் வளைந்த சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். நான் எழுந்து அவள் தோளைப் பிடித்தேன். திட்டுவேன் என்று நினைத்திருப்பாள். கண்ணை மூடித் திறந்தாள். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம், கேட்காத ஒன்றை அவளாகவே என்னிடம் சொன்னாள்.

"இன்னிக்குத்தான்ப்பா விழுந்துட்டேன். நான் நல்லா ஓட்டுவேன். நீங்க பாத்ததே இல்ல."